"கானா", "வானா" என்றால் பாட்டு இல்லீங்க! இன்டர்வியூ போகும் இளைஞர்கள் கவனத்துக்கு...

பிளஸ்-2, டிகிரி என்று வருஷக்கணக்கில் இங்கிலீஷ் படித்து, கிராமரில் நல்ல மார்க் வாங்கியவர்கள் கூட, அமெரிக்கர் ஒருவர் போனில் பேசினால் பேந்த பேந்த விழிக்கிறார்கள். காரணம், புத்தகத்து இங்கிலீஷ் வேறு, வாயில் வரும் இங்கிலீஷ் வேறு.

நம்மூர் கதையும் இதுதான். "போக வேண்டும்" என்று எழுதுகிறோம், "போகணும்" என்று பேசுகிறோம். "வந்து விட்டான்" என்பது "வந்துட்டான்" ஆகிவிடுகிறது. வேகமாக பேசும்போது நாக்கு குறுக்கு வழி தேடுவது எல்லா மொழிக்கும் பொது.

எது எதன் சுருக்கம்?

* கோயிங் டு - கானா
* வான்ட் டு - வானா
* காட் டு - காட்டா
* கிவ் மீ - கிம்மி
* லெட் மீ - லெம்மி
* டோன்ட் நோ - டன்னோ
* கைண்ட் ஆப் - கைண்டா

இவற்றை கண்ட இடத்தில் போட முடியாது. "ஐயாம் கானா ஈட்" (சாப்பிடப் போறேன்) என்பது சரி. "ஐயாம் கானா சென்னை" என்றால் தப்பு. ஒரு வேலையை செய்யப்போவதாக சொல்லும்போதுதான் "கானா" வரும். ஊருக்கு போவதை "கோயிங் டு சென்னை" என்று முழுசாகத்தான் சொல்ல வேண்டும். அதேபோல "ஐ வானா கோ" சரி. "ஹி வானா கோ" தப்பு, "ஹி வான்ட்ஸ் டு கோ" என்பதே சரி.

உஷார்!

ஆளை கவிழ்ப்பது "கேன்", "கேன்ட்" இரண்டும்தான். அமெரிக்கர் பேச்சில் கடைசி "ட்" பெரும்பாலும் காதில் விழாது. முடியும் என்றாரா, முடியாது என்றாரா என்று குழப்பம் வரும். இதற்கு ஒரு அடையாளம் உண்டு. "முடியும்" என்றால் "ஐ கன் கம்" என்று மெலிசாக ஓடிவிடும். "முடியாது" என்றால் "கேன்" என்ற இடத்தில் அழுத்தம் விழும். சந்தேகம் இருந்தால் திரும்ப கேட்பதில் வெட்கமே வேண்டாம். கால்சென்டர் வேலையில் தப்பாக புரிந்துகொண்டு "ஓகே" போடுவதுதான் வம்பு.

எழுத்தில் வேண்டாம்

வேலைக்கு போடும் விண்ணப்பம், ஆபீஸ் கடிதம், பரீட்சை பேப்பர் எதிலும் "கானா, வானா" எழுதக்கூடாது. இன்டர்வியூவிலும் வலிய போய் ஸ்டைல் காட்ட தேவையில்லை. முழு வார்த்தையாக, நிதானமாக பேசினாலே மரியாதைதான்.

மொத்தத்தில், இந்த சுருக்கமெல்லாம் முதலில் காதுக்கு பழகட்டும். வாய்க்கு அவசரமில்லை!