எந்தத் தெரு யாருடையது?

1971. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரம். ஃபால்ஸ் சாலைப் பக்கம் கத்தோலிக்கர்கள். ஷாங்கில் சாலைப் பக்கம் புராட்டஸ்டன்டுகள். இடையே 1969 முதல் எழுந்த தடுப்புச் சுவர்கள். அங்கே மூண்ட கலவரத்தில், கேரி ஹுக் என்ற இளம் பிரிட்டிஷ் சிப்பாயைத் தனியே விட்டுவிட்டுப் படைப்பிரிவு பின்வாங்குகிறது. எந்தத் தெரு யாருடையது என்பதுகூடத் தெரியாமல், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் ஓடுகிறான் அவன். யான் டெமாஞ்ச் இயக்கி 2014-இல் வெளிவந்த ‘செவன்ட்டி ஒன்’ படத்தின் கதை இது, நேயர்களே! கேரியாக நடிக்கும் ஜாக் ஓகானல் அதிகம் பேசுவதே இல்லை. பயம் முழுக்க அவர் கண்களில். ஆனால் நம்மை உலுக்கிவிடுபவன், கேரிக்கு வழிகாட்டும் ஒரு சின்னப் பையன்தான். அவனுக்கு அச்சம் என்பதே மரத்துப்போயிருக்கிறது.