ராஜாக்கள் வாங்காத ராஜா கார்!

1987-ம் ஆண்டு நவம்பர் மாதம் 19-ந் தேதி. லண்டன் நகரில் உள்ள ராயல் ஆல்பர்ட் மண்டபம்.

பாட்டுக் கச்சேரிகள் நடக்கும் அந்த மண்டபத்தில் அன்று கார் ஏலம் நடந்தது. ஒரு பழைய கருப்புக் கார் ஏலத்துக்கு வந்தது. கேள்வி ஏறிக்கொண்டே போனது. பத்து லட்சம், இருபது லட்சம் என்று தாண்டி, கடைசியில் 55 லட்சம் பவுனில் முடிந்தது!

அதுவரை உலகத்தில் எந்தக் காரும் ஏலத்தில் இவ்வளவு விலைக்குப் போனது இல்லை.

இத்தனைக்கும், அந்தக் கார் புத்தம் புதிதாக இருந்தபோது அதை வாங்க ஓர் ஆள் கூட வரவில்லை. போர்க் காலத்தில் அதை ஒளித்து வைத்தார்கள். போர் முடிந்த பிறகு, கொஞ்சம் பணத்துக்கும் பிரிட்ஜுக்கும் அதைக் கொடுத்துவிட்டார்கள்!

அது "புகாட்டி ராயல்" என்ற கார். அதன் கதை இது.

புகாட்டியின் ஆசை

காரைச் செய்தவர் பெயர் எட்டோர் புகாட்டி. 1881-ம் ஆண்டு இத்தாலியில் மிலான் நகரில் பிறந்தவர். தந்தை, அழகான மேஜை நாற்காலிகள் செய்வதில் பெயர் பெற்றவர். தம்பி ரெம்பிராண்ட், மிருகங்களைச் சிலையாக வடிக்கும் சிற்பி.

எட்டோர் 1909-ம் ஆண்டு மோல்ஷைம் என்ற ஊரில் கார் தொழிற்சாலை தொடங்கினார். அப்போது அந்த ஊர் ஜெர்மனியில் இருந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு பிரான்சு நாட்டுடன் சேர்ந்தது.

புகாட்டியின் கார்கள் பந்தயங்களில் பரிசுகளை அள்ளின. ஆனால் அவருக்கு இன்னோர் ஆசை. மன்னர்களும் மகாராஜாக்களும் ஏறிப் போகும்படியான ஒரு கார் செய்ய வேண்டும். "ரோல்ஸ் ராய்ஸ்" காரையும் அது மிஞ்ச வேண்டும்!

1926-ம் ஆண்டு வாக்கில் முதல் கார் உருவாயிற்று.

அதன் அளவைக் கேளுங்கள். நீளம் சுமார் 21 அடி. எடை 3 டன்னுக்கு மேல். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே மட்டும் 14 அடி. நம் ஊர் சாலைகளில் ஓடிய அம்பாசிடர் காரின் மொத்த நீளமே அவ்வளவுதான்!

அம்பாசிடர் கார்கள் பலவற்றில் இருந்தது 1½ லிட்டர் என்ஜின். ராயல் காரில் இருந்ததோ 12 லிட்டருக்கும் பெரிய என்ஜின்.

காரின் மூக்கில், ரேடியேட்டர் மூடியின்மேல், தும்பிக்கையைத் தூக்கியபடி ஒரு யானை நிற்கும். அது தம்பி ரெம்பிராண்ட் செய்த யானை. 1916-ம் ஆண்டே தம்பி இறந்துவிட்டார். அவர் நினைவு மாறாத அண்ணன், தம்பியின் யானையைத் தன் கார்களிலேயே பெரிய காரின் நெற்றியில் வைத்தார்.

வந்தது பஞ்சம்

25 கார்கள் செய்ய வேண்டும் என்பது புகாட்டியின் திட்டம். செய்தது ஏழுதான். முதலாவது காரை எட்டோரே ஓட்டிப் போனார். வழியில் தூங்கிவிட்டார். கார் நொறுங்கியது. மிஞ்சியவை ஆறு.

அந்த ஆறில் விற்றவை மூன்று! வாங்கிய மூவரில் ஒருவர் கூட மன்னர் இல்லை.

காரணம் என்ன?

1929-ம் ஆண்டு அமெரிக்காவில் பங்கு மார்க்கெட் சரிந்தது. அதைத் தொடர்ந்து உலகம் எங்கும் பண நெருக்கடி. ஒரு போர்டு கார் சுமார் 500 டாலருக்குக் கிடைத்த காலம் அது. ராயல் காருக்கோ, சக்கரமும் என்ஜினும் கூடிய அடிச்சட்டத்துக்கு மட்டும் 30 ஆயிரம் டாலர்! மேலே கூடு கட்டத் தனிச் செலவு.

ஸ்பெயின் மன்னர் 13-ம் அல்போன்சோ வாங்குவார் என்று பேச்சு இருந்தது. 1931-ம் ஆண்டு அவரே முடி இழந்து நாட்டை விட்டுப் போனார். அல்பேனியா மன்னர் சோக் கேட்டபோது, அவர் சாப்பிடும் விதம் பிடிக்காமல் புகாட்டி கொடுக்க மறுத்துவிட்டார் என்று ஒரு கதையும் சொல்வார்கள்!

முதலில் வாங்கியவர் ஆர்மண்ட் எஸ்டர்ஸ் என்ற துணி வியாபாரி. "இரவில் நான் கார் ஓட்டப் போவது இல்லை. முன் விளக்கு வேண்டாம்" என்றார். விளக்கு இல்லாமலே கார் செய்து கொடுத்தார்கள். அதன் கூட்டை வடிவமைத்தவர் எட்டோரின் மகன் ஜான்.

டாக்டரின் கார்

இரண்டாவது காரை 1932-ல் ஜோசப் புக்ஸ் என்ற ஜெர்மன் டாக்டர் வாங்கினார். பிரசவம் பார்ப்பதில் பெயர் எடுத்தவர் அவர்.

ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சி வந்தது. டாக்டர் நாட்டை விட்டுக் கிளம்பினார். முதலில் சுவிட்சர்லாந்து. பிறகு சீனாவில் ஷாங்காய் நகரம். அப்புறம் அமெரிக்காவில் நியூயார்க். காரும் அவருடன் கடல் கடந்தது!

ஆனால் நியூயார்க் குளிர் அதைக் கொன்றுவிட்டது. வெளியில் நின்ற காரின் என்ஜினில் தண்ணீர் பனிக்கட்டியாக உறைந்து, என்ஜின் வெடித்தது. கார் பழைய இரும்புக் கிடங்குக்குப் போயிற்று.

ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் என்ஜினீயர் சார்லஸ் சேய்ன் அதைக் கண்டுபிடித்தார். இரும்பு விலைக்கு வாங்கினார். வாங்கிய விலையைப்போலப் பல மடங்கு செலவழித்துப் புதுப்பித்தார். பிறகு, அமெரிக்காவில் உள்ள ஹென்றி போர்டு மியூசியத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார்.

மூன்றாவது கார் 1933-ல் இங்கிலாந்துக்குப் போனது.

சுவருக்குள் புகுந்த கார்

விற்காத மூன்று கார்களும் புகாட்டி குடும்பத்திடமே நின்றன. 25 கார் என்று கணக்குப் போட்டுத் தயார் செய்த என்ஜின்களும் தேங்கி நின்றன.

புகாட்டி சோர்ந்துவிடவில்லை. "ராஜாக்கள் வராவிட்டால் என்ன? மக்கள் இருக்கிறார்களே!" என்று நினைத்தவர்போல, அந்த என்ஜினை ரெயிலில் பூட்டினார். 1933-ம் ஆண்டு முதல் பிரான்சு நாட்டில் புகாட்டி ரெயில்கள் பறந்தன. மன்னருக்காகச் செய்த என்ஜின், டிக்கெட் வாங்கிய மக்களை இழுத்துக்கொண்டு ஓடியது. கம்பெனியைக் காப்பாற்றியதும் அந்த ரெயில்தான்.

ஆனால் துயரம் தொடர்ந்தது. 1939 ஆகஸ்டு மாதம், மகன் ஜான் ஒரு பந்தயக் காரை ஓட்டிப் பார்த்தார். குறுக்கே சைக்கிளில் ஒருவர் வந்தார். அவர்மேல் மோதாமல் இருக்கக் காரைத் திருப்பினார். கார் மரத்தில் மோதியது. ஜான் இறந்தார். வயது 30.

அடுத்த மாதமே போர் மூண்டது. ஜெர்மன் படையின் கையில் சிக்காமல் இருக்க, ராயல் கார்களை வைத்துச் சுவர் எழுப்பி மூடினார்கள். கார்கள் தப்பின. எட்டோர் 1947-ல் காலமானார்.

போருக்குப் பிறகு பிரான்சு நாட்டில் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. 1950-ம் ஆண்டு, பிரிக்ஸ் கன்னிங்காம் என்ற அமெரிக்கப் பந்தய வீரர், எட்டோரின் மகளிடம் இரண்டு ராயல் கார்களைக் கேட்டார். ஒரு சிறு தொகையும், இரண்டு புதிய பிரிட்ஜும் கொடுத்தார். கார்கள் கைமாறின!

அந்த இரண்டில் ஒன்றுதான், 37 ஆண்டு கழித்து லண்டனில் 55 லட்சம் பவுனுக்கு ஏலம் போனது. மற்றொன்று பல கை மாறி, 1986-ல் 65 லட்சம் டாலருக்கும், அதன் பிறகு 81 லட்சம் டாலருக்கும் விலை போயிற்று.

விலை ஏன் ஏறியது?

பழைய கார் எல்லாம் விலை ஏறுவது இல்லை. வாங்குபவர்கள் மூன்றைப் பார்க்கிறார்கள்.

ஒன்று, எண்ணிக்கை. உலகத்தில் அதுபோல எத்தனை இருக்கின்றன?

இரண்டு, அசல். அடிச்சட்டத்திலும் என்ஜினிலும் பொறித்த நம்பர், தொழிற்சாலைக் கணக்குடன் ஒத்துப்போக வேண்டும்.

மூன்று, வரலாறு. யார் வாங்கினார், யாரிடம் விற்றார் என்ற சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும்.

ராயல் காரின் ஏல விலையும் பிறகு முறியடிக்கப்பட்டது. 2022-ம் ஆண்டு மே மாதம், ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில், 1955-ல் செய்த மெர்சிடிஸ் பந்தயக் கார் ஒன்று 13½ கோடி யூரோவுக்கு ஏலம் போனது. அதுபோலச் செய்தவை இரண்டே இரண்டு!

பூட்டிய கதவுக்குள்...

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு.

பிரான்சு நாட்டில் மூல்ஹவுஸ் என்ற ஊர். அங்கே ஹான்ஸ், பிரிட்ஸ் என்ற ஷிலும்ப் சகோதரர்கள் கம்பளி நூல் ஆலைகள் நடத்தினார்கள். பிரிட்சுக்குப் புகாட்டி கார் என்றால் பைத்தியம். புகாட்டி குடும்பத்திடம் இருந்து ஒரு ராயல் காரை வாங்கினார். இங்கிலாந்துக்குப் போன ராயல் பிறகு அமெரிக்காவுக்குப் போயிருந்தது. 1964-ல் அதையும் வாங்கினார். இப்படி 400-க்கு மேற்பட்ட கார்கள், ஊருக்குத் தெரியாமல் ஓர் ஆலைக் கட்டிடத்துக்குள் சேர்ந்தன.

1976-ல் ஆலைகள் நொடித்தன. தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். சகோதரர்கள் சுவிட்சர்லாந்துக்குப் போய்விட்டார்கள்.

1977 மார்ச் மாதம், தொழிலாளர்கள் அந்தக் கட்டிடத்துக்குள் புகுந்தார்கள். உள்ளே விளக்கு வரிசைகளுக்குக் கீழே பளபளவென்று நூற்றுக்கணக்கான கார்கள்! தங்கள் உழைப்பு எங்கே போயிற்று என்பது அப்போதுதான் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது.

ஆத்திரம் வந்தது. ஆனால் அவர்கள் கார்களை அடித்து நொறுக்கிவிடவில்லை. கட்டிடத்துக்குத் "தொழிலாளர் ஆலை" என்று பெயர் வைத்தார்கள். சுமார் இரண்டு ஆண்டு தங்கள் வசம் வைத்திருந்தார்கள். பொதுமக்களை உள்ளே விட்டுக் காட்டினார்கள்.

கார்கள் சிதறி வெளிநாடு போகாமல் இருக்க, 1978-ல் பிரான்சு அரசு அவற்றை நாட்டின் வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. 1982-ல் அந்தக் கட்டிடமே தேசிய மோட்டார் மியூசியம் ஆயிற்று. யானைச் சின்னம் உள்ள ராயல் கார்கள் இரண்டு அங்கே நிற்கின்றன. டிக்கெட் வாங்கி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

மன்னருக்கு என்று செய்த காரை மன்னர் வாங்கவில்லை. கோடீஸ்வரர் வாங்கிப் பூட்டி வைத்தார். கதவைத் திறந்தது, கார் வாங்க வசதி இல்லாத ஆலைத் தொழிலாளியின் கை!