முன்னதை வென்றதா பின்னது?

பிழைப்பின் பொருட்டுச் சொந்த ஊரை விட்டு வடபுலத்தில் குடியேறியிருக்கும் நம் குடும்பங்களில், பிள்ளைகளின் மாலைப் பொழுது ஒரு பெரிய கேள்வியாகவே இருந்து வருகிறது. ஊரில் திண்ணை உண்டு, கோயில் உண்டு, கூப்பிடு தூரத்தில் மாமன் வீடு உண்டு. இங்கே இருப்பது ஒரு கூடமும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியுமே. அப்பெட்டியில் இணைத்து ஆடும் வீடியோ விளையாட்டைப் பற்றி இவ்விதழில் எழுதப் புகுந்தமையை அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். விளையாட்டுத்தானே என்று தள்ளிவிடக் கூடிய செய்தி அன்று இது என்பது முடிவில் விளங்கும்.

நம் அலுவலக நண்பர் ஒருவர் சென்ற ஆண்டு வேறு கோட்டத்துக்கு மாற்றலாகிச் சென்றபோது, தம் மக்கள் ஆடி முடித்த பழைய எக்ஸ்பாக்ஸ் 360 பெட்டியையும் இரண்டு டிஸ்குகளையும் நம் வீட்டில் விட்டுச் சென்றார். ஒன்று, 2006-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மார்வெல்: அல்டிமேட் அலையன்ஸ்’. மற்றொன்று, 2009-இல் வெளிவந்த அதன் இரண்டாம் பாகம். ஒன்பதாம் வகுப்பில் பயிலும் நம் மகளும் எட்டாம் வகுப்பில் பயிலும் மகனும் சில மாதங்களில் இரண்டையும் ஆடி முடித்தனர். பல நாட்கள் நாமும் மூன்றாவது கன்ட்ரோலரைக் கையில் எடுத்தோம். முதற்பாகத்துக்கு இரண்டாம் பாகம் ஈடாகுமா என்பதே எங்கள் வீட்டில் எழுந்த வழக்கு.

முதற்பாகத்தின் சிறப்பு

அமெரிக்க நாட்டு மார்வெல் நிறுவனத்தின் சித்திரக் கதைகளில் வரும் வீரர்களை ஓரணியில் திரட்டுவதே இவ்விளையாட்டின் கரு. முதற்பாகத்தை உருவாக்கியது விஸ்கான்சின் மாநிலத்து ரேவன் சாப்ட்வேர் நிறுவனம்; வெளியிட்டது ஆக்டிவிஷன். வானில் மிதக்கும் ஒரு போர்க்கப்பலைப் பகைவர் தாக்க, கேப்டன் அமெரிக்கா, தோர், வுல்வரின், ஸ்பைடர்மேன் ஆகிய நால்வரும் அதைக் காக்க விரைவதோடு கதை தொடங்குகிறது. டாக்டர் டூம் என்னும் கொடியவனே எதிரித் தலைவன்.

ஒரு வேளையில் நான்கு வீரர்கள் களத்தில் நிற்பர். நால்வரையும் ஒருவரே மாற்றி மாற்றி ஆட்டலாம். நான்கு பேர் ஒரே திரையின் முன் அமர்ந்து ஆளுக்கொருவரை ஆட்டவும் செய்யலாம். இருபதுக்கும் மேற்பட்ட வீரர்களுள் வேண்டிய நால்வரைத் தேர்ந்து, அவ்வணிக்குப் பெயர் சூட்டிச் சின்னமும் அமைத்துக் கொள்ளலாம். ஒவ்வொரு வீரருக்கும் பல உடைகள். ஒவ்வோர் உடைக்கும் ஒரு தனிப் பயன். கடலடி நகரமாகிய அட்லாண்டிஸ், தேவருலகாகிய ஆஸ்கார்டு, மெபிஸ்டோவின் நரகம், விண்வெளிக்கு அப்பாலுள்ள வேற்றுலகங்கள் என்று கதை நம்மை அழைத்துச் செல்லாத இடமில்லை. வழியில் நாம் செய்வதும் செய்யாது விடுவதும் கணக்கில் வைக்கப்படுகின்றன. நரகத்தில் ஜீன் கிரே, நைட்கிராலர் ஆகிய இருவருள் ஒருவரை மட்டுமே காக்க இயலும். அச்செயல்களின் பின்விளைவுகளை ஆட்டத்தின் முடிவில் ‘வாட்சர்’ என்னும் முதியோன் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறான். நம் மகன் அந்த முடிவுரையைக் கேட்டபின், வேறு விதமாகச் செய்து பார்க்க வேண்டுமென்று முதலிலிருந்தே மீண்டும் ஆடத் தொடங்கிவிட்டான்.

இரண்டாம் பாகம் கொணர்ந்தவை

இரண்டாம் பாகத்தை எக்ஸ்பாக்ஸ் 360-க்கு ஆக்கியது விகேரியஸ் விஷன்ஸ் என்னும் வேறொரு நிறுவனம். அவர்கள் கொணர்ந்த புதுமைகள் இரண்டு.

முதலாவது, இரு வீரர்கள் தம் ஆற்றலை ஒன்று சேர்த்துத் தாக்கும் முறை. அயர்ன்மேன் தன் கையிலிருந்து ஒளிக்கதிரைப் பாய்ச்ச, கேப்டன் அமெரிக்கா தன் கேடயத்தால் அதைத் திருப்பி எண்புறமும் பகைவரை வீழ்த்துவது கண்கொள்ளாக் காட்சி. தனியே ஆடும்போது இது ஒரு வசதி. இருவர் ஆடும்போதோ, ஒருவர் மற்றவரை அழைத்து, அவர் வரும் வரை காத்திருந்து செய்ய வேண்டிய செயலாகிறது. எங்கள் வீட்டில் “அக்கா, வா!” என்ற குரல் அத்தனை முறை ஒலித்ததில்லை.

இரண்டாவது, கதை. 2004-இல் தொடங்கிய ‘சீக்ரெட் வார்’, 2006-இல் தொடங்கிய ‘சிவில் வார்’ ஆகிய இரு சித்திரக் கதைகளே இதற்கு அடிப்படை. ஸ்டாம்போர்டு என்னும் ஊரில் வீரர் சிலர் கொடியோரைப் பிடிக்க முயன்றபோது நேர்ந்த வெடிப்பில் ஊர்மக்கள் பலர் மாள்கின்றனர். அதன்பின் அரசு ஒரு சட்டம் இயற்றுகிறது. வீரர் யாவரும் தம் உண்மைப் பெயரை அரசிடம் பதிவு செய்து, அதன் ஆணைப்படியே நடத்தல் வேண்டும். அயர்ன்மேன் சட்டத்தை ஏற்கிறான். கேப்டன் அமெரிக்கா மறுக்கிறான். யார் பக்கம் நிற்பது என்பதை ஆடுபவரே முடிவு செய்ய வேண்டும். முடிவு செய்தபின் மறுபக்கத்துத் தலைவன் நம் அணியை விட்டு நீங்குகிறான். கதிரும் கேடயமும் சேர்ந்த அந்த அழகிய தாக்குதலும் அவனோடு நீங்குகிறது. ஒரு பிரிவினால் வரும் இழப்பை இதைவிடத் தெளிவாக எவ்வாறு உணர்த்த முடியும்?

எங்கள் வீட்டில் நேர்ந்தது

கன்ட்ரோலர் எத்தனை இருப்பினும் முடிவு ஒன்றே. அவ்விடத்தில் மகள் கேப்டன் பக்கம் என்றாள். மகன் அயர்ன்மேன் பக்கம் என்றான். இரண்டு நாள் பெட்டி மூடியே கிடந்தது. மூன்றாம் நாள், “அப்பா, நீங்கள் எந்தப் பக்கம்?” என்று வழக்கு நம்மிடம் வந்தது.

நாமோ பதிவேடு எழுதிப் பிழைப்பவர். பெயரும் எண்ணும் ஏட்டில் ஏறாவிட்டால் எந்த வேலையும் நடவாது என்பதை நாள்தோறும் காண்பவர். ஆகவே அயர்ன்மேன் பக்கமே என்று சொல்ல வாயெடுத்தோம். அப்பொழுது மகள், “நாம் இந்த ஊருக்கு வந்த ஆண்டு, என்னைப் பள்ளியில் சேர்க்க முகவரிச் சான்று இல்லையென்று மூன்று முறை திருப்பி அனுப்பினார்களே, அன்று நீங்கள் என்ன சொன்னீர்கள்?” என்று கேட்டாள். அன்று நாம் சொன்னது நினைவுக்கு வந்தது. வாய் திறவாதிருந்தோம். வேற்றூரில் குடியேறிய எவருக்கும் அந்த ஏட்டின் இரு பக்கமும் தெரியும். ஒழுங்குக்கு அது வேண்டும். ஏட்டில் இல்லாதவன் மனிதனே அல்லன் என்று ஆகிவிடவும் கூடாது. இப்படியோர் உரையாடலை முதற்பாகம் எங்கள் வீட்டில் எழுப்பவில்லை என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

இறுதியில் முதலில் அக்கா பக்கம், பிறகு மறுமுறை தம்பி பக்கம் என்று உடன்பாடு செய்து கொண்டனர்.

குறை எங்கே?

இருமுறை ஆடியபோதுதான் குறையும் வெளிப்பட்டது. எப்பக்கம் சென்றாலும் கதையின் மூன்றாம் பகுதியில் ‘போல்டு’ என்னும் பொதுப் பகை தோன்றுகிறது. பிரிந்தவர் அனைவரும் கைகோத்துக் கொள்கின்றனர். முடிவுரை சிறிது வேறுபடுகிறதே அன்றி, தேர்ந்ததற்கு உரிய விலையை ஒருவரும் கொடுப்பதில்லை. மூலச் சித்திரக் கதையில் கேப்டன் அமெரிக்கா இறுதியில் சரணடைகிறான்; 2007-இல் வெளிவந்த தொடர்கதையில் சுடப்பட்டு வீழ்கிறான். வீடணன் அறத்தின் பக்கம் சென்றான். கும்பகருணன் செஞ்சோற்றுக் கடன் கழிக்க நின்றான். இருவரையும் நம் மக்கள் போற்றுவது, தாம் தேர்ந்ததன் பயனை இருவரும் தாமே ஏற்றமையால் அன்றோ? விளையாட்டு அத்துணிவு கொள்ளவில்லை.

வேறு குறைகளும் உள. உடைகள் குறைந்தன, வீரர் ஒருவர்க்குரிய ஆற்றல்கள் நான்காகச் சுருங்கின, தேவருலகும் கடலடி நகரமும் போய், பெரும்பாலும் தெருக்களும் தொழிற்சாலைகளும் சிறைகளுமே எஞ்சின. அணிக்குப் பெயர் சூட்டி மகிழ்ந்த மகனுக்கு இது பெருங்குறையாகப் பட்டது.

ஆகவே நம் தீர்ப்பு இது: விரிவிலும் உரிமையிலும் முதற்பாகமே மேல், எடுத்துக்கொண்ட பொருளின் கனத்தில் இரண்டாம் பாகம் மேல், எடுத்ததை முடித்த வகையில் முதற்பாகமே மேல். மொத்தத்தில் பின்னது முன்னதற்கு முற்றும் ஈடன்று.

வாங்க விரும்பும் அன்பர்க்கு ஒரு சொல். 2016-இல் இவ்விரண்டும் புதிய பெட்டிகளுக்கும் கணிப்பொறிக்கும் மறுபடி வெளியிடப்பட்டு, 2018-இல் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டன. இன்று பழைய டிஸ்குகளைத் தேடித்தான் பெற வேண்டும். 2019-இல் நிண்டெண்டோ ஸ்விட்ச் பெட்டிக்கு மூன்றாம் பாகம் வந்தது. ஆயினும் அதன் கதை வேறு. அமெரிக்க மதிப்பீட்டின்படி இவை 13 வயதுக்கு மேற்பட்டோர்க்கு உரியன. சிறு குழந்தைகள் முன் ஆட வேண்டா.

இரண்டையும் பெறுவோர் முதற்பாகத்தை முதலில் ஆடுக. சேர்ந்திருந்த இன்பத்தை அறிந்த பின்னரே, பிரிவு வரும்போது எப்பக்கம் நிற்பது என்னும் கேள்விக்குப் பொருள் உண்டாகும். அக்கேள்வி வரும்போது பெற்றோரும் பிள்ளைகளின் அருகில் அமர்ந்திருத்தல் நலம்.