நடிகர் கைதானால் பிரேக்கிங் நியூஸ். 3ஏ நோட்டீஸ் வந்தால்?

சேலம் – சென்னை எட்டுவழிச் சாலையை எதிர்த்துச் சேலம் மாவட்டத்தில் பேசிய பேச்சுக்காக நடிகர் மன்சூர் அலிகான் 2018 ஜூன் 17 அன்று கைது செய்யப்பட்டார். மறுநாள் சமூக ஆர்வலர் பியூஷ் மானுஷ் கைதானார். அதே வாரத்தில்தான் அந்தச் சாலைக்கு மாவட்டத்தில் நிலம் அளக்கும் வேலையும் மும்முரமானது.

277 கி.மீ. நீளம், ஐந்து மாவட்டங்கள், சுமார் 10,000 கோடி ரூபாய். தென்னந்தோப்பிலும் கிணற்றோரத்திலும் அதிகாரிகள் கல் நட, பெண்கள் மறித்து அழுதார்கள். கைதும் கண்ணீரும் திரைக்கு ஏற்றவை. அந்தக் கல்லை நடவைத்த சட்டம் அப்படிப்பட்டதல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

1956-ம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டப்படி, முதலில் 3ஏ பிரிவில் அறிவிக்கை வரும். அன்றிலிருந்து 21 நாளுக்குள் நிலத்துக்காரர் எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். அடுத்து 3டி அறிவிக்கை வந்துவிட்டால் நிலம் மத்திய அரசுக்குச் சொந்தம். மிச்சம் இருப்பது இழப்பீட்டுப் பேச்சுதான். நிலம் வைத்திருப்பவருக்கு முதலில் தெரிய வேண்டியது அந்த 21 நாள் கணக்கு.

சேனல்கள் ஏன் முகத்தைத் தேடுகின்றன?

விளம்பரக் காசு டிஆர்பி எனும் பார்வையாளர் அளவீட்டைப் பார்த்து வருகிறது. அதை 'பார்க்' அமைப்பு மாதிரி வீடுகளில் பொருத்திய மீட்டர்களை வைத்துக் கணிக்கிறது. தெரிந்த முகம் வந்தால் ரிமோட் நிற்கும். ஸ்டுடியோவில் நான்கு பேரை உட்கார வைத்தால் ஒரு மணி நேரம் ஓடிவிடும். நிலச் செய்திக்கோ ஒருவர் அரசிதழைப் படித்து, சர்வே எண்களைச் சரிபார்த்து, தாலுகா ஆபீசுக்கும் ஊருக்கும் அலைய வேண்டும். செலவும் அதிகம், நாளும் பிடிக்கும்.

அதற்காகப் பிரபலமே வரக்கூடாது என்பதில்லை. அவர் வந்தால் கேமராவும் வரும். வந்த கேமரா அடுத்து எங்கே திரும்புகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சாலையின் போக்கைத் தீர்மானித்ததும் ஆவணங்கள்தாம். 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிக்கைகளை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் 3ஏ அறிவிக்கை செல்லும் என்றது. ஆனால், சாலை போடுமுன் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம் என்றும் சொன்னது.

அடுத்த முறை நடிகர் யாராவது ஊருக்கு வந்தால் தாராளமாக மைக்கை நீட்டட்டும். ஆட்சேப மனுவை எந்த அலுவலகத்தில் கொடுப்பது, கடைசி நாள் எது என்பதும் அதே திரையின் அடியில் ஓடட்டும்.