செல்வமும் கொள்ளை நோயும்

பணம் பாதாளம் மட்டும் பாயும் என்பர் நம்மவர். 2020-ம் ஆண்டில் உலகெங்கும் பரவிய கொரோனா என்னும் கொள்ளை நோயின் முன் அது பாய்ந்ததா? தேச சேவையில் ஈடுபட்டோர் யாவரும் சிந்திக்கவேண்டிய விஷயம் இது.

வைத்தியத்திற்கு உலகில் மிக அதிகமாகச் செலவிடும் தேசம் அமெரிக்கா. தேசிய வருமானத்தில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் அங்கே இதற்கே போகின்றது. கொள்ளை நோயை எதிர்க்கத் தயாராயுள்ள நாடுகளை 2019-ல் நிபுணர்கள் வரிசைப்படுத்தியபோது அதற்கே முதலிடம் தந்தனர். எனினும் அங்கே மாண்டோர் 11 லட்சத்துக்கு மேல்; அதாவது சுமார் 300 பேருக்கு ஒருவர். காரணம் யாது? நோய் வந்த காலத்தில் 2 கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் இன்ஷூரன்ஸ் இன்றி வைத்தியச் செலவுக்கு அஞ்சி நின்றனர். நோயுற்ற தொழிலாளி சம்பளத்தோடு வீட்டில் தங்குவதற்கு நிலையான தேசியச் சட்டம் இல்லை. முகக்கவசம் அணிவதும் கட்சிச் சண்டையாயிற்று.

வியட்நாமோ ஏழைத் தேசம். சீனாவுக்கு அண்டை நாடு. ஜனத்தொகை 9 கோடிக்கு மேல். 2003-ல் ஸார்ஸ் நோய் கற்பித்த பாடத்தை அதன் சர்க்கார் மறக்கவில்லை. எல்லையை மூடிற்று, நோயாளியோடு பழகியோரைத் தேடிக் கண்டு தனியே வைத்தது. 2020 முடிவில் அங்கு இறந்தோர் 35 பேரே! அது ஒரு கட்சி ஆட்சியின் கடுமையால் விளைந்தது என்பாரும் உளர். ஜனநாயக நாடாகிய நியூஸிலாந்தும் காலத்தே கதவடைத்து, அவ்வாண்டில் 25 மரணங்களோடு தப்பியதை அவர்கள் நோக்குவாராக.

ஆயினும் செல்வம் பயனற்றது என்று முடிவு கட்டலாகாது. தடுப்பூசி வந்ததும் பணக்கார நாடுகள் தங்கள் தேவையைப்போல் பல மடங்கு மருந்துக்கு ஒப்பந்தம் செய்துகொண்டன. 2021-ல் டெல்டா என்னும் கடுமையான வகை வியட்நாமில் புகுந்தபோது அங்கே ஊசி பெற்றிருந்தோர் மிகச் சிலரே. பின்னர் மரணத் தொகை 43,000 வரை ஏறிற்று. காப்புரிமையைத் தளர்த்தி எல்லா நாடுகளும் மருந்து செய்ய இடமளிக்குமாறு இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் 2020 அக்டோபரில் உலக வர்த்தக ஸ்தாபனத்தில் கோரின. 2022 ஜூனில் கிடைத்ததோ அக்கோரிக்கையில் ஒரு சிறு பகுதி! இருபது மாதங்கள் வாதத்திலே கழிந்தன. நோய் வாதத்துக்காகக் காத்திருக்கவில்லை.

முதல் ஆண்டில் காத்தது கொள்கை. இரண்டாம் ஆண்டில் கொள்கை மட்டும் போதவில்லை. ஏழைக்கும் எட்டும் வைத்தியம், சொந்த மண்ணில் மருந்து செய்யும் சக்தி ஆகிய இரண்டையும் அமைதிக் காலத்திலேயே தேடாத தேசம், அடுத்த நோய் வரும் நாளில் பிறர் வாயிலில் கையேந்தி நிற்கும்.