பிரைமர் (தோட்டா)

பிரைமர் என்பது துப்பாக்கித் தோட்டாவின் அடிப்பகுதியில் பொருத்தப்படும் சிறு உலோகக் கிண்ணம் ஆகும். அடிபட்டால் வெடிக்கும் மருந்து அதில் மிகச் சிறிதளவு இருக்கும். துப்பாக்கியின் ஊசி மோதும்போது பிரைமரில் எழும் தீயே தோட்டாவைச் சுட வைக்கிறது.

தோட்டாவின் பாகங்கள்

ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள் உண்டு: பித்தளைக் கூடு, முனையில் குண்டு, உள்ளே வெடிமருந்து, அடியில் பிரைமர். நீலகிரி மாவட்டம் அரவங்காட்டிலுள்ள தொழிற்சாலையில் செய்யப்படும் புகையற்ற வெடிமருந்து தீ பட்டால் எரியும். பிரைமரோ அடிபட்டாலே வெடிக்கும். தீபாவளிக்குப் பிள்ளைகள் பொம்மைத் துப்பாக்கியில் வைத்துச் சுடும் பொட்டு வெடியை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும்.

வரலாறு

1801இல் மருது சகோதரர்கள் இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளில் கிளர்ச்சி செய்தபோது இரு தரப்பிடமும் பிரைமர் இல்லை. அக்காலத் துப்பாக்கிகள் எரியும் திரியாலோ, சக்கிமுக்கிக் கல்லின் பொறியாலோ சுடப்பட்டன. மழையில் நனைந்தால் பயன்படவில்லை. அடிபட்டு வெடிக்கும் மருந்தைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்தும் முறைக்கு, ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத் 1807இல் காப்புரிமை பெற்றார்.

இன்றுள்ள இரு வகைகளும் 1866இல் காப்புரிமை பெற்றவை. இங்கிலாந்தின் எட்வர்ட் பாக்ஸர் அமைத்த வகையில், மருந்து நசுங்குவதற்கான சிறு பட்டறை பிரைமருக்குள்ளேயே இருக்கும். கூட்டில் தீ செல்ல ஒரு துளை போதும். அமெரிக்காவின் ஹைரம் பெர்டான் அமைத்த வகையில் பட்டறை கூட்டோடு சேர்ந்திருக்கும். பெரும்பாலும் இரு துளைகள் இருக்கும்.

அளவுகளும் மறுநிரப்பலும்

பாக்ஸர் பிரைமர்கள் பொதுவாக இரண்டு விட்டங்களில் வருகின்றன. சிறியது சுமார் 4.4 மி.மீ.; பெரியது சுமார் 5.3 மி.மீ. ஒவ்வொன்றிலும் கைத்துப்பாக்கிக்கு ஒன்றும் ரைஃபிளுக்கு ஒன்றும் உண்டு. ரைஃபிள் பிரைமரின் கிண்ணம் தடித்தது. கைத்துப்பாக்கியின் மெல்லிய அடிக்கு அது வெடிக்காமல் போகலாம்.

அமெரிக்கா போன்ற நாடுகளில் குறிபார்த்துச் சுடுவோர் பலர், சுட்ட கூட்டில் புதுப் பிரைமரும் மருந்தும் குண்டும் வைத்து மீண்டும் பயன்படுத்துகின்றனர். 9 மி.மீ. தோட்டாவுக்குச் சிறிய பிரைமர். ஆனால் .45 ஏசிபி தோட்டாவில் பெரிய பிரைமருக்கான கூடும் சிறிய பிரைமருக்கான கூடும் விற்பனையில் உள்ளன. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. பிரிக்காமல் கலந்துவிட்டால், பெரிய பிரைமரைச் சிறிய குழியில் அழுத்தும்போது அது கையருகிலேயே வெடிக்கக்கூடும். சிறியதைப் பெரிய குழியில் வைத்தால் அது நிற்காது. எனவே கூடுகளை அளவு பார்த்துப் பிரிப்பதே அவர்களின் முதல் வேலை.

இந்தியாவில் உரிமம் இன்றித் தோட்டா செய்வதும் வைத்திருப்பதும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். தோட்டாவின் பாகங்களும் அச்சட்டத்தின் வரையறைக்குள் அடங்கும்.

தங்கச்சிமடத்தில் கிடைத்த தோட்டாக்கள்

2018 ஜூன் மாதம் பாம்பன் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில், ஒரு வீட்டில் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டியபோது பெட்டி பெட்டியாகத் தோட்டாக்களும் வெடிபொருள்களும் வெளிப்பட்டன. 1980களில் இலங்கைத் தமிழ்ப் போராளிக் குழுக்கள் இக்கரையில் இயங்கிய காலத்தில் புதைக்கப்பட்டவை அவை என்று கருதப்பட்டது.

ஏறத்தாழ முப்பது ஆண்டு உப்பு மண்ணில் கிடந்த தோட்டா பச்சைக் களிம்பேறித் துருப்பிடித்திருக்கும். அதனால் அது செத்துவிட்டது என்று எண்ணக் கூடாது. பிரைமர் கூட்டில் இறுக அடைக்கப்பட்டிருப்பதால் உள்ளே ஈரம் புகாமல் மருந்து உயிரோடு இருக்கலாம். எது கெட்டது, எது கெடாதது என்பதை வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. சுத்தியலால் தட்டுவது, பித்தளைக்காக உடைப்பது, அடுப்பில் இடுவது ஆகிய மூன்றும் அதை வெடிக்கச் செய்யும். துப்பாக்கிக்கு வெளியே வெடிக்கும் தோட்டாவில் கூடு கிழிந்து, அதன் சில்லுகள் கண்ணையும் கையையும் பதம்பார்க்கும்.

கடற்கரையிலோ தோட்டத்திலோ தோட்டா போன்ற பொருள் கண்ணில் பட்டால் மாணவர்கள் அதைத் தொடாமல், பிறரையும் தள்ளி நிற்கச் செய்து, பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். காவல்துறையை 100 அல்லது 112 என்ற எண்ணில் அழைக்கலாம். அதை அகற்றுவது வெடிகுண்டு தடுப்புப் பிரிவினரின் பணி.