காமாக் கதிர் உணரியாகச் சீசியம் காரீய புரோமைடு: தீங்கற்ற குறைபாடும் நகரும் அயனியும்

சீசியம்-137 மூலத்திலிருந்து வெளிப்படும் காமாக் கதிரின் ஆற்றல் 662 கிலோ எலக்ட்ரான்வோல்ட். கதிர்வீச்சு உண்டா இல்லையா என்பதோடு நில்லாமல், அது எந்த ஐசோடோப்பிலிருந்து வருகிறது என அறியவும் வேண்டுமெனில் இவ்வாற்றலைத் துல்லியமாக அளத்தல் வேண்டும். இதில் உயர்தூய்மை ஜெர்மானியமே முதன்மையானது. ஆனால் அதன் ஆற்றல் இடைவெளி குறுகியது. அறை வெப்பமே எலக்ட்ரான்களை விடுவித்துவிடுவதால் அதனைக் குளிர்வித்தே இயக்க வேண்டும். காட்மியம் துத்தநாக டெலுரைடு அறை வெப்பநிலையில் இயங்கும்; எனினும் விலை மிகுதி.

இந்நிலையில்தான் பெரோவ்ஸ்கைட் படிக அமைப்புடைய சீசியம் காரீய புரோமைடு கவனம் பெற்றது. 2013-இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் குழுவினர் இதனைக் கதிர் உணரிப் பொருளாக முன்வைத்தனர். காரீயத்தின் அணு எண் 82. அணு எண் உயர உயர, ஃபோட்டான் தன் ஆற்றல் முழுவதையும் படிகத்திலேயே இழக்கும் வாய்ப்பு விரைந்து பெருகும். ஆற்றல் இடைவெளியும் ஏறத்தாழ 2.25 எலக்ட்ரான்வோல்ட் என்பதால் குளிர்விப்பு தேவையில்லை. 2021-இல் 662 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் 1.4 விழுக்காடு ஆற்றல் பிரிதிறன் எட்டப்பட்டது.

அத்தகைய ஒரு ஃபோட்டான் படிகத்தில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட எலக்ட்ரான்–துளை இணைகளை உருவாக்கும். இவை வழியில் சிக்காமல் மின்முனைகளை அடைந்தால்தான் நிறமாலை முகடு கூர்மையாக அமையும். பல குறைகடத்திகளில் படிகக் குறைபாடுகளே இவற்றைப் பிடித்துவைக்கும் பொறிகள். இப்படிகத்திலோ புரோமின் இல்லாத வெற்றிடம் ஆழமான பொறியாவதில்லை. ‘குறைபாடு பொறுக்கும் பண்பு’ எனப் பாராட்டப்படுவது இதுவே.

அப்பாராட்டு எலக்ட்ரானுக்கு மட்டுமே பொருந்தும். எலக்ட்ரானுக்குத் தீங்கற்ற அதே வெற்றிடம் புரோமைடு அயனிக்கு வழியாகிறது. மின்புலத்தில் அயனிகள் வெற்றிடம் விட்டு வெற்றிடம் தாவுகின்றன. இருள் மின்னோட்டம் மெல்ல மாறுகிறது. காலப்போக்கில் மின்முனையும் அரிக்கப்படலாம். காலையில் அளவீடு சரிசெய்யப்பட்ட உணரி மாலையிலும் அதே முகட்டை அதே இடத்தில் காட்டுமா என்பதே நடைமுறைக் கேள்வி.

எக்ஸ் கதிர் உணரிகள் பற்றிய ஆய்வுகள் பலவும் உணர்திறன் எண்ணையே முன்னிறுத்துகின்றன. இது போதுமான அளவுகோல் அன்று. மின்முனையிலிருந்து உட்புகும் மின்னூட்டங்களும் மின்னோட்டத்தைப் பெருக்குவதால் அவ்வெண் உயர்ந்துவிடும். உடன் இரைச்சலும் உயரும். பலமணி நேர இருள் மின்னோட்ட நகர்வும், கண்டறியத்தக்க மிகக் குறைந்த கதிரளவும் சேர்த்துத் தரப்பட்டாலன்றி இரு உணரிகளை ஒப்பிட இயலாது.

படிக வளர்ப்பிலும் ஓர் இடர் உண்டு. உருகுநிலையிலிருந்து குளிரும்போது ஏறத்தாழ 130, 88 டிகிரி செல்சியசில் படிக அமைப்பு இருமுறை மாறுகிறது. இவ்விரு கட்டங்களையும் மிக மெதுவாகக் கடக்காவிடில் உட்தகைவு தேங்கிப் படிகம் விரிசலுறும்.